முதுகுக்குப் பின்னால் ஒரு கோல்

அத்தியாயம் 17

சனிக்கிழமை காலை ஏழரை மணிக்குச் சமையலறையில் இருந்தவர்கள்: அடுப்புக்கு முன்னால் டிரைவிங் டீச்சர். மேஜையின் ஒரு கோடியில், விரித்த பத்திரிகைக்குப் பின்னால், அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கும் அவர்களுடைய ஒரே மகள், நின்றபடியே ரொட்டி தின்றுகொண்டு. வீட்டின் முன்னறையில் சலூன் வைத்திருக்கும் கணவரின் தம்பி, ஓசிக் காபிக்காக. அப்புறம் மாடியில் குடியிருக்கும் ஒன்பதாம் நம்பர், காலி பாட்டிலோடு, உள்ளே வருவதா வேண்டாமா என்று தெரியாமல் நிலைப்படியில்.

ஐந்து பேர். அதில் இரண்டு பேர் ஒருவரோடொருவர் பேசிப் பதினொரு நாள் ஆகிறது.

ஒன்பது நான்கு வருடத்துக்கு முன் ஒரு பெட்டியும் இரண்டு ஜோடி பூட்ஸுமாக அந்த மாடிக்கு வந்தவன். ஊர் கால்பந்து கிளப்பின் முன்வரிசை ஆட்டக்காரன், சட்டை நம்பர் ஒன்பது. கோல் போடுவது அவன் வேலை. இதுவரை அறுபத்திரண்டு போட்டிருக்கிறான். பதினொரு நாளைக்கு முன் இதே மேஜையில், எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, "அடுத்த சீசன் துறைமுகத்துக்கு ஆடப் போறேன். கையெழுத்துப் போட்டாச்சு" என்றான்.

துறைமுக கிளப் ஆற்றுக்கு அந்தப் பக்கம். இந்தப் பக்கத்துக்காரர்கள் அதன் பெயரைத் தும்முவது மாதிரிதான் சொல்வார்கள்.

லிஃப்ட் மெக்கானிக் பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவினார். கிழக்கு கேலரியின் தலைவர் அவர்தான். அங்கே முரசு அடிப்பவர், கோஷம் எடுத்துக் கொடுப்பவர். கேலரிக்கு அவர் பெயரே தலைவர். ஒன்பதும் அவரை அப்படித்தான் கூப்பிடுவான், கூப்பிட்டால் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்த காலத்தில்.

தம்பிக்காரர் விஷயம் இன்னும் மோசம். அவருக்குச் சேதி மறுநாள் காலை, ஒன்பதின் தலையில் மெஷின் ஓடிக்கொண்டிருந்தபோது போய்ச் சேர்ந்தது. மெஷினை அணைத்துவிட்டார். அன்றிலிருந்து ஒன்பதுக்கு ஒரு பக்கம் கிராப்பு, மறுபக்கம் புதர். அதே தலையோடு ஒரு மேட்ச்கூட ஆடிவிட்டான்.

"வேற கடைக்குப் போய் மிச்சத்தை எடுத்துக்கோயேன்டா" என்று டீச்சரே சொல்லிப் பார்த்தாள்.

"ஆரம்பிச்சவர் முடிக்கட்டும் டீச்சர்."

ஊர் இரண்டாகப் பிரிந்தது என்று சொல்ல முடியாது, இருபதாகப் பிரிந்தது. மருந்துக் கடைக்காரர் கண்ணாடியில் ஒட்டியிருந்த அவன் படத்தைக் கிழித்தார். இடுப்புக்கு மேலேதான் வந்தது. "கால் இருந்துட்டுப் போகட்டும், அது என்ன தப்புப் பண்ணுச்சு" என்று விட்டுவிட்டார். ஒரு பஸ் கண்டக்டர் தன் பனியனிலிருந்த ஒன்பதைப் பிரித்துத் தலைகீழாகத் தைத்து ஆறு ஆக்கிக்கொண்டார். ஆறாம் நம்பர்காரன் பெஞ்சை விட்டு எழுந்து யாரும் பார்த்ததில்லை. டீச்சரிடம் வண்டி கற்கும் ஒரு பேங்க் அம்மா கிளட்சை மிதித்தபடியே அழுதாள். "போறதுக்கு வேற ஊரே இல்லையா, துறைமுகம்தானா?" என்று அவள் கேட்டதற்கு டீச்சர், "முதல்ல கிளட்சை விடுங்க" என்றாள்.

நாளைக் காலை அவன் போகிறான். இன்று அவனுக்கு இங்கே கடைசி மேட்ச்.

"டீச்சர், நாளைக்கு எட்டு மணிக்கு வண்டி வருதுன்னு தலைவர்கிட்ட சொல்லுங்க" என்றான் ஒன்பது.

பத்திரிகை அசையவில்லை. "ஏழுக்கே வந்தாலும் எனக்கு ஆட்சேபணை இல்லைன்னு சொல்லு."

"நான் என்ன தபால் ஆபீஸா?" என்றாள் டீச்சர். "ரெண்டு பேருக்கும் நடுவுல நாலு அடிகூட இல்லை."

"இன்னைக்கு ஒன்பதாவது நிமிஷம்னும் சொல்லு."

"தெரியும்னு சொல்லுங்க டீச்சர்" என்று சொல்லிவிட்டு, பாட்டிலை நிரப்பாமலே மாடி ஏறிப் போனான் ஒன்பது.

ஒன்பதாவது நிமிஷம் என்பது கேலரியின் சட்டம். போட்டவர் லிஃப்ட் மெக்கானிக். எவன் கிளப்பை விட்டு இன்னொரு கிளப்புக்குப் போகிறானோ, அவன் கடைசி மேட்சில், அவன் சட்டை நம்பர் என்னவோ அந்த நிமிஷம் முழுக்கக் கேலரி அவனுக்கு முதுகைக் காட்டும். முரசில் ஓர் அடி விழுந்தால் திரும்ப வேண்டும், மறு அடிக்கு மறுபடி திரும்ப வேண்டும். கைகள் பின்னால் கட்டியிருக்க வேண்டும். போன் எடுக்கக் கூடாது, பேசக் கூடாது.

முதலில் போனவன் கோல்கீப்பர், ஒன்றாம் நம்பர். முதல் நிமிஷத்தில் பாதிப் பேர் உட்கார இடம் தேடிக்கொண்டிருந்தார்கள். அடுத்தவன் முப்பத்துநாலு, அவனை மறந்தேபோய் நாற்பத்தோராவது நிமிஷம் திரும்பினார்கள், அதற்குள் அவனை மாற்றி வெளியே உட்கார வைத்திருந்தார்கள். சட்டம் இதுவரை உருப்படியாக நிறைவேறியதில்லை. இந்தத் தடவை நிறைவேற வேண்டும் என்பதில் லிஃப்ட் மெக்கானிக் பிடிவாதமாக இருந்தார்.

"நான் திரும்ப மாட்டேன்" என்றாள் டீச்சர்.

பத்திரிகை இறங்கியது. "கேலரி மொத்தமும் திரும்பும்."

"திரும்பட்டும். வண்டி ஓடும்போது ரோட்டுக்கு முதுகைக் காட்டி உட்கார எனக்குப் பழக்கம் இல்லை."

"அப்போ வராதே."

"டிக்கெட் என் பேர்ல இருக்கு."

தம்பிக்காரர் காபியைக் கடைசிச் சொட்டு வரை குடித்து, "அண்ணி, தலைவர் பொண்டாட்டியே திரும்பலைன்னா அண்ணன் மானம் என்னாகும்?" என்றார்.

"பாதித் தலையோட ஒரு பையனைத் தெருவுல விட்டவர் மானத்தைப் பத்திப் பேச வேண்டாம், தம்பி."

மகளுக்குச் சிரிப்பில் புரையேறியது. அவள் அப்பா சிரிக்கவில்லை. "அவன் போறது எனக்குப் பெரிசு இல்லை. ஆடுறவன் போவான்" என்றார் மேஜையைப் பார்த்து. "நாலு வருஷம் இந்த வீட்டுல இருந்தவன். எல்லாருக்கும் சொல்ற நேரத்துல, எல்லாரோடயும் சேர்த்து, எனக்கும் சொன்னான். ரசத்தை இந்தப் பக்கம் தள்ளுங்கன்னு சொல்ற மாதிரி."

முரசை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

மகளுக்கு அன்று அரை நாள் வேலை. மத்தியானம் டீச்சர் பயிற்சிக் காரில் அவளை அழைத்துக்கொண்டு மைதானத்துக்குப் போனாள். மகள் ஓட்டினாள். டீச்சர் பக்கத்து இருக்கையில், தன் காலடியிலிருக்கும் இரண்டாவது பிரேக்கின் மேல் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பழக்க தோஷம்.

"அம்மா, ஒண்ணு சொல்வேன். பிரேக்கை மிதிக்கக் கூடாது."

"சொல்லு."

"அவர் போறது எனக்கு முன்னாடியே தெரியும். மேஜைல சொல்றதுக்குப் பத்து நாள் முன்னாடி. புது கிளப்புக்காக எடுத்த ரத்தப் பரிசோதனை எங்க கூடத்துக்குத்தான் வந்துச்சு. ஊசி குத்தினதே நான்தான்."

டீச்சர் பிரேக்கை மிதித்தாள். பின்னால் வந்த வண்டி ஹாரனை நீளமாக அடித்தது.

"சொன்னேன்ல!"

"வாயைத் திறந்தியா யார்கிட்டயாவது?"

"எப்படிம்மா சொல்ல முடியும்? வேலை போயிடும். அவர்கிட்டதான் கேட்டேன், அப்பாகிட்ட எப்போ சொல்லப் போறீங்கன்னு." மகள் வண்டியை மறுபடி நகர்த்தினாள். "கடைசியாத்தான் சொல்வேன், கையெழுத்துப் போட்டப்புறம்தான்னார். முதல்லயே அவர்கிட்ட சொன்னா, அவர் ஒரு தடவை ‘இருடா’ன்னு சொன்னாப் போதும், என்னால போக முடியாது டீன்னார்."

டீச்சர் பிரேக்கிலிருந்து காலை எடுத்தாள். தன் கணவர் பதினொரு நாளாகத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நின்றது இதைத்தானா என்று நினைத்தாள். அவரைக் கடைசி ஆளாக நிறுத்தியது அலட்சியத்தால் இல்லை. பயத்தால்.

அப்புறம்தான் இன்னொன்று உறைத்தது.

"டீயா? உன்னை டீன்னு கூப்பிடுறானா அவன்?"

"சிக்னல் விழுந்துடுச்சும்மா, பேசாம இரு" என்றாள் மகள்.

மைதானத்துக்கு இருப்பது இரண்டு கேலரி. எதிர்ப்பக்கத்தில் கூரை மாற்றுகிறார்கள் என்று மூடி வைத்திருந்தார்கள். ஆகவே ஊர் மொத்தமும் கிழக்கில். டீச்சருக்கு மேல் வரிசையில் கோடி இடம், மகளுக்கு இரண்டு வரிசை கீழே. அவள் கணவர் கீழே, கம்பி வேலியோரம் ஒரு பெட்டி மேல் முரசோடு. கோஷம் எடுத்துக் கொடுப்பவர் கூட்டத்தைப் பார்த்துத்தான் நிற்க வேண்டும். மேட்ச் அவருக்கு எப்போதும் முதுகுக்குப் பின்னால்தான் நடக்கும். பதினெட்டு வருடமாக அவர் கோல்களைப் பார்த்தது ஜனங்களின் முகத்தில். தலையால் போட்டதா, காலால் போட்டதா, ஓரமாகப் போனதா என்று முகங்களை வைத்தே சொல்லிவிடுவார், ரொம்பத் தப்பாது.

எட்டு நிமிஷம் முடிந்ததும் முரசில் ஓர் அடி விழுந்தது.

கேலரி திரும்பியது. மூவாயிரம் பேர், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஒரு சத்தம் இல்லாமல். கீழே லிஃப்ட் மெக்கானிக்கின் எதிரே மூவாயிரம் பின்மண்டை. மேல் வரிசையில் ஒரே ஒரு முகம். அது அவர் மனைவியுடையது.

உள்ளூர் சேனலுக்கு இருப்பது ஒரே கேமரா. இந்த அதிசயத்தைப் படம் பிடிக்க அதையும் கேலரி பக்கம் திருப்பினார்கள்.

அந்த நிமிஷத்தில்தான் ஒன்பதுக்குப் பந்து கிடைத்தது.

டீச்சர் முதலில் இடது பக்கம் பார்த்தாள். வாயைப் பொத்தினாள். தன்னையறியாமல் எழுந்தாள், அவள் வலது கால், அங்கே இல்லாத ஒரு பிரேக்கை மிதித்தது. அப்புறம் வலது பக்கம் பார்த்தாள். அப்புறம் குதித்தாள். "போட்டுட்டான்!" என்று கத்தினாள். அந்த அமைதியில் அது பக்கத்துத் தெருவுக்குக் கேட்டிருக்கும்.

மூவாயிரம் பேர் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். யாரும் திரும்பவில்லை. சட்டம். இன்னும் இருபது விநாடி இருந்தது. தம்பிக்காரர் கழுத்து மட்டும் பாதி திரும்பி, பாதியில் நின்று, பிடித்துக்கொண்டது. கீழே அவள் கணவரின் முரசுக் கோல் அந்தரத்தில் தொங்கியது. அவருக்கு ஒரு தோளைத் திருப்பினால் போதும். திருப்பவில்லை. அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார், அதில் ஏதோ எழுத்துக் கூட்டிப் படிப்பது போல.

இரண்டாவது அடி விழுந்தது. கேலரி திரும்பியபோது பந்து வலைக்குள் கிடந்தது. ஆட்டக்காரர்கள் ஒன்பதின் மேல் மலைபோல் குவிந்திருந்தார்கள். புதர்ப் பக்கத் தலை மட்டும் வெளியே தெரிந்தது.

மேட்ச் ஒன்றுக்குப் பூஜ்யத்தில் முடிந்தது. அந்த ஒன்றை, டீச்சரையும், கோல் கம்பத்துக்குப் பின்னால் நின்றிருந்த எதிரணிக்காரர்கள் பதினாறு பேரையும் தவிர, வேடிக்கை பார்க்க வந்த யாரும் பார்த்திருக்கவில்லை. அவர்களும் சொல்லுகிற மனநிலையில் இல்லை.

"டீச்சர்! எப்படிப் போட்டான் டீச்சர்?"

கேலரிப் படியில் ஆரம்பித்தது. வாசலில் ஒரு தடவை சொன்னாள். கார் நிறுத்துமிடத்தில் இரண்டு தடவை. பேங்க் அம்மா பானெட் மேல் கை வைத்து மறித்து நின்றாள். வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது சலூனில் நிற்க இடமில்லை. மருந்துக் கடைக்காரர் கடையை அப்படியே போட்டுவிட்டு வந்திருந்தார்.

டீச்சர் கண்ணாடி மேஜையில் இரண்டு ஷாம்பூ பாட்டிலை ஜோடியாக வைத்தாள். ஒரு சீப்பை எடுத்தாள்.

"இது லாரி. இதுவும் லாரி. அவங்க தடுப்பு ஆளுங்க, பக்கத்துல பக்கத்துல வராங்க. நடுக்கோட்டுக்கு இந்தப் பக்கம் இவனுக்குப் பந்து. இடது பக்கம் இண்டிகேட்டர் போட்டான். சும்மா இல்லை, உடம்பையே சாய்ச்சுப் போட்டான். ரெண்டு லாரியும் நம்பி அந்தப் பக்கம் ஒதுங்குச்சு. இவன் சடார்னு ஒடிச்சு வலது பக்கம் புகுந்தான்."

"ஐயோ" என்றார் மருந்துக் கடைக்காரர்.

"மூணாவது ஒருத்தன். சந்துலேர்ந்து ஹாரன் அடிக்காம வந்து விழுவாங்களே, அந்த மாதிரி வந்தான். இவன் பந்தை அவன் ரெண்டு காலுக்கு நடுவுல விட்டுட்டு, தான் அவனைச் சுத்திக்கிட்டு அந்தப் பக்கம் போய் மறுபடி எடுத்துக்கிட்டான். கோல்கீப்பர் பதறிட்டான். ஷெட்டை விட்டு வெளியே வந்துட்டான். இவன் பதறலை. வேகத்தைக் குறைச்சான், தலையைத் தூக்கி இடம் பார்த்தான், அவன் தலைக்கு மேல மெதுவாத் தூக்கி விட்டான். ஒரு தடவை குதிச்சு உள்ளே போய் நின்னுச்சு. கோடு எதையும் உரசலை. என்கிட்ட பார்க்கிங்ல மூணு தடவை ஃபெயில் ஆன பய!"

சலூனில் எழுந்த சத்தத்தில் ஒரு பாட்டில் உருண்டு விழுந்தது. மூன்று மணி நேரம் தாமதமாகக் கேலரி தன் கோலைக் கொண்டாடியது. கண்டக்டர் தன் முதுகிலிருந்த ஆறைத் தடவிப் பார்த்து, "இதை இன்னைக்கே பிரிக்கணும்" என்றார்.

அந்த நேரம் பார்த்து ஒன்பது தோளில் பையோடு உள்ளே நுழைந்தான். சத்தம் நின்றது. யார் எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. ஒருவர் கத்தரிக்கோலைப் பார்த்தார்.

தம்பிக்காரர் நாற்காலியைத் துண்டால் பலமாக ஒரு தட்டுத் தட்டினார். "உட்காரு."

உட்கார்ந்தான். மெஷின் ஓட ஆரம்பித்தது.

"ஏம்ப்பா" என்றார் மருந்துக் கடைக்காரர், தொண்டையைச் சரிசெய்துகொண்டு. "நாலு வருஷத்துல அப்படி ஒண்ணு போடலையே. நாங்க திரும்பி நிக்கிற நேரமாப் பார்த்தா போடணும்?"

"நாலு வருஷத்துல முதல் தடவையா அமைதியா இருந்துச்சு சார். பின்னாடி யார் வர்றாங்கன்னு காலடிச் சத்தமே கேட்டுச்சு. கோல்கீப்பர் மூச்சு வாங்குறது கூடக் கேட்டுச்சு." கண்ணாடியில் எல்லோரையும் பார்த்தான். "நீங்க வாராவாரம் முதுகைக் காட்டியிருந்தா இன்னும் முப்பது கோல் போட்டிருப்பேன்."

கொல்லென்று சிரிப்பு. தம்பிக்காரர் சிரித்த சிரிப்பில் மெஷின் விலகி, காதோரம் ஒரு கீற்று கூடுதலாகவே போய்விட்டது. "இது துறைமுகத்துக்கு நம்ம முத்திரை" என்று சமாளித்தார். யாரோ விளையாட்டுக்கு, "திருட்டுப் பயலே, அங்க போய் நமக்கு எதிரா போட்டே, காலை ஒடிப்போம்" என்றார். "போடுவேன்" என்றான் ஒன்பது. அதற்கும் சிரித்தார்கள். போகிறவனை மன்னித்தார்களா என்றால் அப்படி ஒன்றும் இல்லை. திட்டுவதை அவன் முகத்துக்கு நேரே திட்ட ஆரம்பித்தார்கள். அவனுக்கு அது போதுமாக இருந்தது.

ஆனால் அவன் கண் நாலு தடவை வாசலுக்குப் போய் வந்ததை டீச்சர் கவனித்தாள். தலைவர் வரவில்லை.

அவர் பின்பக்கமாக வந்து சமையலறையில் உட்கார்ந்திருந்தார். முரசு மேஜை மேல். சலூன் சிரிப்பு சுவரைத் தாண்டிக் கேட்டுக்கொண்டிருந்தது.

டீச்சர் உள்ளே வந்து தண்ணீர் குடித்தாள். அவர் கொஞ்ச நேரம் முரசின் வாரை இறுக்கினார். அப்புறம் தளர்த்தினார்.

"ஊருக்கெல்லாம் சொன்னியாமே."

"பதினாலு தடவை."

"ம்."

மாடிப்படியில் காலடிச் சத்தம் ஏறிப் போனது. முடி வெட்டி முடிந்துவிட்டது போலிருக்கிறது.

"இடது பக்கம் பார்த்தே" என்றார் அவர், முரசைப் பார்த்துக்கொண்டே. "வாயைப் பொத்தினே. காலை உதைச்சே. அப்புறம் வலது பக்கம். அப்புறம் குதிச்சே. முதல்ல ஏமாத்திட்டு வலது பக்கம் போயிருக்கான். கடைசியில மெதுவாத்தான் போட்டிருக்கான், நீ ஒரு விநாடி மூச்சை நிறுத்தினே. காலை எதுக்கு உதைச்சே, அது மட்டும் புரியலை. நடுவுல என்ன ஆச்சு?"

டீச்சருக்குச் சிரிப்பு வந்தது. தன் முகத்தை இத்தனை கவனமாக இந்த மனிதர் கடைசியாக எப்போது பார்த்தார் என்று நினைவில்லை.

"உங்களுக்கு நான் சொல்ல மாட்டேன்."

"ஏன்?"

"போட்டவன் மாடியில இருக்கான். அவனைக் கேளுங்க."

"நான் ஏன் கேக்கணும்? அவன் கையெழுத்தெல்லாம் போட்டுட்டு எனக்குக் கடைசியாச் சொன்னவன்."

"ஏன் கடைசியாச் சொன்னான்?"

"நான் அவனுக்கு அவ்வளவுதான்னு அர்த்தம்."

"அதுதான் இல்லை. அதையும் அவன்தான் சொல்லணும், நான் இல்லை." டம்ளரைக் கவிழ்த்து வைத்தாள். "சரி, கேக்க வேண்டாம். நாளைக்குக் காலைல ரூமை ஒப்படைக்கிறான். வீட்டுக்காரர் நீங்க. ஜன்னல், குழாய், சுவர் எல்லாம் சரியா இருக்கான்னு இன்னைக்கே பார்த்து வாங்க வேண்டாமா? இல்லை, அதுக்கும் நான்தான் போகணுமா?"

கடமை என்று வந்தால் அவர் மறுக்க மாட்டார். டார்ச்சையும் ஸ்க்ரூடிரைவரையும் எடுத்துக்கொண்டார். பேச்சே கிடையாது, குழாயைப் பார்ப்பேன், வருவேன் என்பது போல முகத்தை வைத்துக்கொண்டு படி ஏறினார். டீச்சர் பின்னாலேயே போனாள்.

ஒன்பது கட்டிலில் பெட்டியைத் திறந்து வைத்து நின்றிருந்தான். முழுசாக வெட்டிய தலையில் அவன் நான்கு வருடத்துக்கு முன் வந்த பையன் மாதிரியே இருந்தான், காதோரக் கீற்றைத் தவிர. அவரைப் பார்த்ததும் கையிலிருந்த பூட்ஸைக் கீழே வைத்தான்.

லிஃப்ட் மெக்கானிக் உள்ளே நடந்து நேராகக் குழாயைப் போய்த் திறந்தார். தண்ணீர் நன்றாகவே வந்தது. மூடினார். மறுபடி திறந்தார்.

"நல்லாத்தான் இருக்கு தலைவரே" என்றான் ஒன்பது. பதினொரு நாளில் அவரிடம் நேராகச் சொன்ன முதல் வார்த்தை.

அவர் குழாயிடம், "அதை நான் பார்த்துக்கிறேன்" என்றார். முதுகைக் காட்டியபடிதான். ஆனாலும் பதில்.

அது போதும் என்று டீச்சர் முடிவு செய்தாள். கதவில் தொங்கிய சாவியை உருவி எடுத்தாள்.

அவர் திரும்பிப் பார்த்தார். "ஏய், என்ன பண்றே?"

அவள் கதவை இழுத்துச் சாத்தி, வெளிப்பக்கம் சாவியைப் போட்டு, இரண்டு சுற்றுச் சுற்றிப் பூட்டினாள்.